அச்செழுத்தை உருக்கி வார்த்த குண்டு

அன்புள்ள புதியவர்களுக்கு,

போன வாரம் உங்கள் விலங்குக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, மேசையில் ஆறு டப்பாக்களை வரிசையாக வைத்து, "சார், பெரிய துளைக் காற்றுத் துப்பாக்கிக்கு இதில் எந்தக் குண்டு நல்லது?" என்று கேட்டீர்கள். நான் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு குண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண்ணில்தான் கோளாறு, காது நன்றாகக் கேட்கும். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, பதில் சொல்லாமலே ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டேன். சொல்ல வேண்டிய பதில் தேநீர் நேரத்துக்குள் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

குழலின் துளைக்குக் குண்டு பொருந்த வேண்டும், அடைத்து வைத்த காற்றின் வலுவுக்கு ஏற்ற எடை வேண்டும், மூக்கு கூராக இருப்பதா குழிந்து இருப்பதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்கள் கையேட்டில் படங்களோடு இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, கேட்டது நீங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். காட்டு விலங்குகளும் தெருநாய்களும் தொல்லை கொடுக்கும் இடங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறு பிரிவில் நான் ஸ்டோர்கீப்பர். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள், மூன்று ஆட்கள். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சிலும் எழுத்திலும் ஒரு புள்ளி தவறக் கூடாது அவருக்கு. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், உயிரோடு இருந்தால் அவருக்கே பிடிக்காது. சுடுகிறவர் வீரையா அண்ணன், ஜோகூர் ரப்பர் தோட்டத்தில் காவல் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். மூன்றாவது ஆள் நான். துப்பாக்கியைத் துடைப்பதும், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதும், வார்த்ததில் நல்லதைப் பொறுக்கி டப்பாவில் போடுவதும் என் வேலை.

எங்களிடம் வெடித் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் இடத்தில் தீப்பொறி பறக்கிற எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதற்கென்றே ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் விட்டுப்போனது. குழலின் துளையில் சுண்டு விரல் நுழையும். கைப்பம்பால் காற்றடிக்க நானும் வீரையா அண்ணனும் மாறி மாறி மூச்சு வாங்குவோம். அடித்து முடித்தால் இரண்டு சூடு வரும், மூன்றாவதை நம்ப முடியாது.

இன்ஸ்பெக்டர் என்னை வேலைக்கு எடுத்த முதல் நாளே ஒரு பாடம் சொன்னார். எங்கள் வாயில் குண்டு என்று வருவது அவர் வாயில் சன்னம் என்று வரும், பன்றி பண்டி ஆகிவிடும். "ஐசே, பண்டியை எல்லாரும் பாப்பினம். பண்டிக்குப் பின்னால என்ன நிக்குது எண்டு பாக்கிறவன்தான் சூட்டுக்காரன். சன்னம் பண்டிக்குள்ள போக வேணும், வெளிய வரக் கூடாது. வெளிய வந்தால் அது எங்கட சன்னம் இல்லை, ஊராற்ற சன்னம்."

அதனால் எங்களுக்கு மெத்தென்ற ஈயம்தான் வேண்டும். பட்டதும் பூப்போல விரிந்து உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். பழைய டெலிபோன் கேபிளின் மேலுறை ஈயம் அப்படிப்பட்டது. மாதா மாதம் நான் சீட்டு எழுதி அனுப்பினால் மூட்டையாக வந்து சேரும். அந்த மாதம் நான் சீட்டு எழுதவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் கூட்டத்தில் நான் ஒரு முக்கியப் புள்ளி. பானை, எலுமிச்சை, பனிக்கட்டி என்று அலைந்ததில் சீட்டு அடியோடு மறந்துபோயிற்று. காவடி எல்லாம் கோயில் போய்ச் சேர்ந்தது, என் சீட்டுதான் போகவில்லை.

அப்போதுதான் தகவல் வந்தது. தெற்கே ஒரு தீவில் இருந்த எண்ணெய்க் கிடங்குக்குள் பெரிய காட்டுப்பன்றி ஒன்று கடலை நீந்தி வந்து புகுந்துகொண்டது. குழாய்களுக்கு இடையில் படுத்துக்கொண்டு ஆட்களைத் துரத்துகிறது. இரண்டு நாளில் கப்பல் வரப்போகிறது, அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரு குண்டுகூட இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், மறந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் வசவு கிடைத்திருக்கும், வேறெங்காவது கேபிள் ஈயமும் கிடைத்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்து நான் தேக்காவுக்கு ஓடினேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த கோவிந்தசாமி என் கூட்டாளி. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்து அடித்துத் தேய்ந்த எழுத்துகளை ஒரு தகர டின்னில் போட்டு வைத்திருப்பான். அன்றைக்கு அவன் கடையில் இல்லை. அவன் முதலாளி, "ஈயம்தானே, அள்ளிட்டுப் போ லா" என்றார். அள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானமே உருக்கினேன். ண எழுத்தும் ன எழுத்தும் சுழியோடு கரண்டியில் மிதந்து மெல்லக் கரைந்தன. வார்ப்பு அச்சிலிருந்து தட்டியபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. விளிம்பெல்லாம் கத்தி போல, மேனியெல்லாம் வெள்ளி போல அத்தனை அழகான குண்டுகளை நான் வார்த்ததே இல்லை. கேபிள் ஈயத்தில் பத்துக்கு மூன்று நொள்ளையாக வரும். இதில் ஒன்றுகூட நொள்ளை இல்லை. எனக்குக் கைராசி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பளபளப்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்த நாளால்தான்.

சாயங்காலம் பின்கட்டில் அட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். இடையிடையே காற்றடித்து வீரையா அண்ணன் ஐந்து சுட்டார், ஐந்தும் ஒரே ஓட்டையில் போனது போல இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வடிவாய் வந்திருக்கு. ஈயம் எங்கையால?"

"ஸ்டோர் ஈயம்தான் சார்."

நாக்கு அதைத் தானாகச் சொல்லியது. நான் யோசிக்கக்கூட இல்லை. வீரையா அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு குனிந்து குழலைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் படகுக்குப் போனார்கள். ஸ்டோர்கீப்பருக்குப் படகில் வேலை இல்லை. நான் கோவிந்தசாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். நன்றி ஒரு சாக்கு. காட்டிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் போனேன்.

கோவிந்தசாமி அதை வாங்கிப் பார்த்தான். அப்படியே இரும்பு மேசை மேல் போட்டான். டிங் என்று கேட்டது.

"கேட்டியா? வெறும் ஈயம் சத்தம் போடாது. தொப்புன்னு விழும். இதுல ஈயத்த இறுக்குற அண்டிமனி போட்டிருக்குடா. இல்லாட்டி ஆயிரம் தடவ அமுக்குனா எழுத்து நசுங்கிப் போவாதா?"

"அப்ப இது நசுங்காதா?"

"எதுல போய் அடிச்சாலும் அப்படியே இருக்கும். ஏன், எதுக்கு வார்த்த?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குண்டு பன்றிக்குள் நிற்காது, ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும். வந்து குழாயில் பட்டுத் தெறிக்கும். எண்ணெய்க் கிடங்கில் பன்றிக்குப் பின்னால் எப்போதும் குழாய் இருக்கும், பம்பு இருக்கும், பம்புக்குப் பின்னால் ஆள் இருப்பான். குண்டு உள்ளேயே நின்றுவிடும் என்று நம்பித்தான் இன்ஸ்பெக்டர் "சுடு" என்று சொல்வார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது என் வாய்.

அச்சகத்திலேயே டெலிபோன் இருந்தது. கிடங்கு ஆபீசுக்குப் போட்டேன். முதல் தடவை தப்பான எண்ணைச் சுற்றினேன். எடுத்தவர் தமிழர்தான்.

"அண்ணே, பன்னி சுட வந்திருக்காங்கள்ல, அவங்கள சுட வேணாம்னு சொல்லுங்கண்ணே. அவசரம்."

"செவப்புக் கொடி ஏத்தியாச்சு லா. கொடி எறங்குற வரைக்கும் நம்ம ஆளு யாரும் உள்ள போக முடியாது. அங்க போனும் கெடையாது."

"உங்க ஆளு போக முடியாது சரி. அவங்க ஆளு வந்தா விடுவீங்களா?"

"பாஸ் இருந்தா விடுவாங்க. ஆனா நீங்க எப்ப வந்து..."

போனை வைத்துவிட்டு ஓடினேன். டாக்சியில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள், நான்காவது ஆளாக இடித்துக்கொண்டு ஏறினேன். படகுத்துறையில் மோட்டார் சம்பான் படகுக்காரரிடம் தீவின் பெயரைச் சொல்லி, சீக்கிரம், சீக்கிரம் என்று மலாயிலும் தமிழிலும் கத்தினேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

தீவு கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன, கிட்ட வரவே மாட்டேன் என்கின்றன. வெடித் துப்பாக்கி என்றால் சத்தம் கேட்கும். சுட்டுவிட்டார்கள், சுடவில்லை என்று ஏதாவது ஒன்று தெரியும். காற்றுத் துப்பாக்கியின் சத்தம் கடல் தாண்டாது. எல்லாம் முடிந்துபோய், யாரோ ஒருவன் அங்கே கிடக்க, நான் இங்கே சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருக்கலாம். கண்ணை மூடினால் நான் வார்த்த குண்டு வெள்ளியாக மின்னியது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன். அவனுக்குப் பந்தல் போடப் போய்த்தானே இந்த வினை என்று அவன் மேலேயே கோபமும் வந்தது.

வாசலில் காவலாளி எங்கள் பிரிவின் பாஸைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் காலைக் காட்டி, "ஷூவைக் கழற்று" என்றார். அடியில் லாடம் அடித்த ஷூ. சிமெண்டில் உரசினால் பொறி வரும். வெறுங்காலோடு ஓடப் பார்த்தேன், சரளைக்கல் காலைப் பிய்த்தது. அங்கே மரத்தடியில் ஒப்பந்த வேலைக்காரர்கள் கொடி இறங்கக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து தன் ஜப்பான் ரப்பர் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

"போட்டுட்டுப் போங்கண்ணே. கல்லு கிழிச்சிரும்."

"உங்க பேரு?"

"சின்னக்கண்ணு. திரும்பி வரப்ப குடுங்க, போங்க."

கிடங்கின் உள்பாதை பன்றிக்குப் பின்னால், பம்பு நிற்கும் இடத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய் பம்பு ஒன்றின் பின்னால் நின்று மூச்சு வாங்கினேன். எட்டிப் பார்த்தேன். முப்பது அடியில் பன்றியின் முதுகு. இரண்டு பெரிய குழாய்களுக்கு இடையில், நிழலில், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால், மண்மேட்டின் மேல், வீரையா அண்ணனின் காக்கித் தொப்பி. பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் வெள்ளைச் சட்டை. துப்பாக்கி நேராக இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வலது பக்கம், அடுத்த பம்பின் பின்னால், பன்றி அந்தப் பக்கம் ஓடாமல் மடக்க முன்பே உள்ளே நிறுத்திய கிடங்கு ஆட்கள் மூன்று பேர் தகரத்தைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பையனைப் போலக் கண்ணை இறுக மூடியிருந்தார்.

கத்தலாமா? கத்தினால் பன்றி திரும்பும், விலாவைக் காட்டிய அந்தக் கணமே வீரையா அண்ணன் சுடுவார். ஓடிப்போய்ச் சொல்லலாமா? நடுவில் பன்றி. கையை ஆட்டலாமா? பம்பின் மறைவில் ஆட்டிய கை யாருக்குத் தெரியும்? இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது என்று நினைக்காதீர்கள். இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றுதான். வீரையா அண்ணன் சுடும் முன் பன்றிக்குப் பின்னால் பார்ப்பார்.

நான் பம்பை விட்டு வெளியே வந்து, பன்றிக்குப் பின்னால், குழாய்களின் இடைவெளியில் நேராகப் போய் நின்றேன்.

இதை வீரம் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். இதைப் போல யாரும் செய்யவும் கூடாது. ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மண்மேட்டில் குழல் மெல்ல மேலே உயர்ந்தது, வானத்தைப் பார்த்தது. நான் ஒரு காலைப் பின்னால் வைத்தேன். ரப்பர் செருப்பு குதிகாலில் பட்டு டப் என்றது. பன்றி ஒரே துள்ளில் பக்கவாட்டில் பாய்ந்து, குழாய்க்கு அடியில் புகுந்து, சதுப்புப் பக்கம் போய் மறைந்தது.

இன்ஸ்பெக்டர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"உமக்கென்ன விசரே? சுடப்போற நேரத்தில முன்னுக்கு வந்து நிக்கிறீர்!"

"சார், அது ஸ்டோர் ஈயம் இல்ல சார். அச்சாபீஸ் ஈயம். நசுங்காது, வெளிய வந்துரும். சீட்டு எழுத மறந்துட்டேன், அதான் பொய் சொல்லிட்டேன்."

வீரையா அண்ணன் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே இருந்த குண்டை உள்ளங்கையில் உருட்டிப் போட்டார். வெள்ளியாக மின்னவில்லை. மங்கிய சாம்பல் நிறத்தில், விளிம்பில் சின்ன நொள்ளையோடு, நகம் இறங்கிய ஒரு கோட்டோடு கிடந்தது.

"இது பழசு சார். கேபிள் ஈயம். நாலு எப்பவும் சட்டப்பையில வச்சிருப்பேன்."

"அண்ணே! அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும்டா தம்பி. கீறிப் பாத்தேன், நகம் எறங்கல. நீயா சொல்லிருவேன்னு பாத்தேன். நான் சொன்னா உன் வேல போயிரும்ல."

இன்ஸ்பெக்டர் மண்மேட்டின் சரிவில் உட்கார்ந்தார். கால்சட்டை அழுக்காவதைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப இந்த மூண்டு பேரில, வார்த்த சன்னத்தில பிழை எண்டு தெரியாத ஆள் நான் ஒருத்தன். சுடு எண்டு சொல்ல வேண்டிய ஆளும் நான்தான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வார்த்தையில் நானும் வீரையா அண்ணனும் சேர்ந்தே தலை குனிந்தோம்.

அன்று பொழுது சாயும்வரை சதுப்பைச் சுற்றினோம். பன்றி அகப்படவில்லை. கடைசிப் படகு கிளம்புகிறது என்று விரட்டினார்கள். வாசலில் ஷூவைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடிப் படகில் ஏறினேன். பாதிக் கடலில்தான் காலைப் பார்த்தேன். சின்னக்கண்ணுவின் செருப்பு.

மறுநாள் காலை வேலை தொடங்கும் நேரத்தில் பன்றி சதுப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஒருவரால் ஓட முடியவில்லை. தொடையில் கோரைப்பல் ஆழமாக இறங்கிவிட்டது. எங்களுக்கு போன் வந்தது, நாங்கள் மூவருமே போனோம். வீரையா அண்ணன் ஒரே குண்டில் முடித்தார். நகக் கீறல் இருந்த அதே குண்டு, உள்ளேயே நின்றுகொண்டது. அடிபட்டவரை அதற்குள் படகில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். பெயரைக் கேட்டேன். சின்னக்கண்ணு என்றார்கள்.

நான் அன்று போய் நின்றிருக்காவிட்டால் முதல் நாளே பன்றி செத்திருக்கும். இந்தக் கணக்கை எத்தனையோ வருடம் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவரையில் துப்பாக்கிக்குள் இருந்தது என் குண்டு. ஆகவே போய் நின்றது சரிதான். அப்படிப் போய் நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கினேனே, தப்பு அங்கே இருக்கிறது. வீரையா அண்ணனும் நல்ல மனத்தோடுதான் வாயை மூடியிருந்தார். என் பொய்யும் அவருடைய இரக்கமும் சேர்ந்துதான் அந்தப் பன்றியைத் தப்பவிட்டன.

இன்ஸ்பெக்டர் உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினார். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார். சுடுவதற்கு முன், குண்டு குழலுக்குள் போகும் முன், அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் அதைக் கையில் வாங்கி நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். அவரும் கீறுவார். "ஈயம் எங்கையால?" என்று கேட்பார். சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை செய்தோம். உங்கள் மேசைக்கு முன்னால் நான் செய்ததும் அதுதான். இரண்டு டப்பாக்களில் நகம் இறங்கவில்லை. அவை அட்டையைச் சுட நல்லவை. அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்டேன், உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிரித்தவருக்கும் தெரியவில்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

பன்றி குத்திய மறுநாள் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செருப்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தேன், தேக்காவில் ஆரஞ்சுப் பழம் வாங்கியிருந்தேன். சின்னக்கண்ணுவுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு. கால் இனி முழுதாக மடங்காது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செருப்பா? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அது காலில் இருந்திருந்தால் ஓடித் தப்பியிருப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். முந்தாநாளே பன்னிய மடக்கிட்டாங்களாமே? சுடாம விட்டுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. ஏண்ணே சுடல?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. துப்பாக்கியில் காற்று குறைந்துவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் மறுக்க முடியாத பதில், அவரும் நம்பியிருப்பார். அதே நாக்கு அதே போலத் தானாகக் கிளம்பியது. நான் அதைப் பல்லால் கடித்து நிறுத்தினேன். பிறகு தண்ணீர்ப் பந்தலில் ஆரம்பித்து, சீட்டு, அச்சகம், "ஸ்டோர் ஈயம்தான் சார்", சம்பான், பம்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இந்த ஆரஞ்சு அதுக்குத்தானா?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டேன். வார்டில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. வாசல் வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே. நாளைக்கு வாங்க. வெறுங்கையோட வாங்க."

மறுநாள் மூன்று மணிக்கு வெறுங்கையோடு போனேன். சின்னக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, கட்டிலின் ஓரத்தில் நான் உட்கார இடம் விட்டார்.